குவாரிச் சகதியை அள்ளும்போது குளத்துத் தண்ணீர் கலங்காமல் இருக்க

நம் திருநெல்வேலிச் சீமையில் ராதாபுரம் பக்கத்துக் கல் குவாரியானாலும் தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக் குழியானாலும் நாலைந்து வருஷத்தில் அடியில் சகதி கட்டிவிடும். அதை அள்ள ஹிட்டாச்சி போதும். அதற்கு முன் குழியில் நிற்கும் தண்ணீரை எங்கே, எவ்வளவு வேகத்தில் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பக்கம் ஓடை குளத்தில் சேரும், குளம் நிரம்பி வழியும் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும், கடைசியில் ஆறு. ஆற்று மணலுக்குள் இருக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கு அந்த மணல்தான் வடிகட்டி. கல்மாவு படிந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

வேலைக்கு ஏற்ற காலம் பிசான நெல் அறுத்த பிறகு, கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன், அதாவது கோடையில். கோடை மழை ஒன்றிரண்டு வரும், அதைச் சமாளிக்கலாம். ஐப்பசியில் ஆரம்பித்தால் எந்தத் தடுப்பும் நிற்காது.

முதலில் பம்ப். உறிஞ்சு குழாயின் முனையான கால்வால்வை அடியில் போட்டால் சகதியைத்தான் உறிஞ்சும். 200 லிட்டர் நீல பேரல் இரண்டை மூடி இறுகக் கட்டி மிதக்கவிட்டு, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே உறிஞ்சும்படி பம்பைத் தொங்கவிடுங்கள். சகதிக்கும் பம்புக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை என்றால் ஓடைக்கு விடுவதை நிறுத்த வேண்டியதுதான். ஒரு நாளில் அரை மீட்டருக்கு மேல் மட்டத்தை இறக்கவும் வேண்டாம். ஊறிப்போன மேல்மண் கரை, தாங்கி நின்ற தண்ணீர் சட்டென்று போனதும் சரிந்து விழும். ஆளுக்கும் ஆபத்து, தெளிந்திருந்த தண்ணீரும் மறுபடி கலங்கும்.

பம்ப் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகக் கூடாது, தெளிவுத் தொட்டிக்குப் போக வேண்டும். மணிக்கு 36,000 லிட்டர் இறைக்கும் பம்புக்கு 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். கணக்குப்படி 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் வரை படிய 50 சதுர மீட்டரே போதும். காற்றும் சுழலும் குழப்புவதால் இரட்டிப்பாக்குகிறோம். சதுரமாக வெட்டினால் தண்ணீர் குறுக்கே ஓடி வெளியேறிவிடும், நீளமாகத்தான் வெட்ட வேண்டும். பம்ப் குழாய் விழும் இடத்தில் பெரிய கல் அடுக்கி வேகத்தை உடையுங்கள். வெளிவாயில் மேல்தண்ணீர் மட்டும் வழிய வேண்டும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு சகதி ஏறியதும் வாரிவிட வேண்டும்.

இரண்டு நாள் விட்டும் பால் மாதிரியே இருக்கிறதே என்று பலர் தொட்டியைப் பெரிதாக்குவார்கள். வீண் செலவு. 2 மைக்ரான் களித்துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கவே மூன்று நாள் ஆகும். அதைவிடச் சின்னது லேசில் இறங்காது. அங்கே படிகாரம்தான் வழி. அளவைக் கண்ணால் போடாதீர்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தில் குழித்தண்ணீரை நிரப்பி, முறையே 1, 2, 3, 4, 5 மில்லி ஊற்றுங்கள். ஒரு மில்லி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, பத்து நிமிடம் மெல்ல உருட்டி, அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். திரிந்த பால் மாதிரித் திரிதிரியாகக் கூடி இறங்கும். எந்தக் குறைந்த அளவில் தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. 30 மில்லிகிராம் என்று வந்தால் மேற்சொன்ன பம்புக்கு மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். பேரலில் 20 கிலோ கரைத்து, பம்ப் குழாய் கொட்டும் இடத்தில் குழாய் வழியாகச் சொட்டவிட்டால் 18 மணி நேரம் வரும். தொட்டிக்குள் வாரி இறைத்தால் கலக்காது. சுண்ணாம்புக் குழித் தண்ணீர் படிகாரத்தைத் தாங்கும். கல் குவாரித் தண்ணீரில் பி.எச். (அமில-கார அளவு) இறங்கலாம், தினமும் பாருங்கள்.

ஓடைக்கு விட மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள், பி.எச். 5.5 முதல் 9 வரை, எண்ணெய் 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி தனி. வெடிமருந்தில் மிஞ்சும் அமோனியம் நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது, குளத்தில் பாசி பிடித்த பிறகுதான் தெரியும். விடும் முன்பே நைட்ரேட்டுக்கும் ஒரு மாதிரி கொடுங்கள்.

வேலையிடத்தைச் சுற்றி, குளத்துப் பக்கச் சரிவில், மண்ணைப் பிடித்துத் தண்ணீரை விடும் ஜியோ துணி வேலி: தரைக்கு மேல் 60 செ.மீ., 15 செ.மீ. பள்ளத்தில் புதைத்து மண் மிதிக்க வேண்டும், 2 மீட்டருக்கு ஒரு கம்பு. புதைக்காத வேலிக்கு அடியில் தண்ணீர் நுழைந்து போகும். இதையே ஓடைக்குக் குறுக்கே கட்டினால் முதல் மழையில் சாயும். ஓடையில் ஒன்றரை இஞ்சு ஜல்லிக் கரைதான் போட வேண்டும், நடுவை ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்த்தி. தாழ்த்தாவிட்டால் தண்ணீர் கரையைச் சுற்றி அறுத்துக்கொள்ளும்.

அள்ளிய சகதியை ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள், வடிநீர் குழிக்கே திரும்பும் சரிவில் போடுங்கள். டிப்பரில் முக்கால்வாசிதான் ஏற்ற வேண்டும். பின்கதவு இடுக்கில் வைக்கோல் பிரி வைத்து அடைத்தால் ரோட்டில் சொட்டாது. கரம்பை என்று கேட்டு வயல்காரர்கள் வருவார்கள், கொடுக்காதீர்கள். குளத்து வண்டல் வேறு, கல்மாவு வேறு. அது வயலில் சிமெண்ட் மாதிரி இறுகும். டீசல் நிரப்புவதெல்லாம் தண்ணீரிலிருந்து தள்ளி, அடியில் தட்டு வைத்து.

தினமும் காலையில் மூன்று பாட்டில் பிடியுங்கள்: ஓடையில் நாம் விடும் இடத்துக்கு மேலே, தொட்டி வெளிவாய், நூறு மீட்டர் கீழே. தேதி எழுதி ஷெட்டில் வரிசையாக அடுக்கி, பின்னால் தினத்தாள் ஒன்றை வையுங்கள். வெளிவாய்ப் பாட்டிலில் தினத்தாள் எழுத்துப் படிக்க வராத அன்று பம்பை நிறுத்துங்கள், ஆய்வக ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழே கலங்கி மேலேயும் கலங்கியிருந்தால் கலக்கியவர் வேறு யாரோ. மடை பார்க்கிறவர் கோபத்தோடு வந்து நிற்கும்போது அந்த வரிசையைக் காட்டலாம்.