ஆர்முடுகல் கணக்குல புள்ளி போற இடங்கள்

ஓ எல் பரீட்சை சயன்ஸ்ல ஆர்முடுகல் கணக்கு, அதாவது வேகம் ஒவ்வொரு செக்கனும் எவ்வளவு மாறுது எண்டு காணுற கணக்கு (acceleration), வந்தா முழுப் புள்ளியும் எடுக்கலாம், ஆனா சூத்திரம் நல்லாப் பாடமான பிள்ளைகளே திரும்பத் திரும்ப அதே இடங்கள்ல தான் விட்டுட்டு வாறாங்க.

எல்லாத்துலயும் பெரிய பிழை, வேகத்தையே நேரத்தால பிரிக்கிறது. எங்கட கிண்ணியாப் பாலத்த எடுங்க, நீளம் 396 மீற்றர். திருகோணமலையில இருந்து மூதூர் போற பஸ் ஒண்டு ஒரே சீரான வேகத்துல 36 செக்கன்ல அதத் தாண்டுது எண்டு வைப்பம். 396ஐ 36ஆல பிரிச்சா வேகம் செக்கனுக்கு 11 மீற்றர், இதுவரைக்கும் சரி. ஆர்முடுகல் என்ன எண்டு கேட்டா உடன அந்த 11ஐத் திரும்ப 36ஆல பிரிச்சு 0.31 எண்டு எழுதிடுறாங்க. விடை 0. பாலம் முழுக்க வேகம் மாறவே இல்லையே, பிறகு எங்கால ஆர்முடுகல்? பஸ் எவ்வளவு வேகமாப் போகுது எண்டு பாக்கிறதில்ல, ஒவ்வொரு செக்கனும் அந்த வேகம் எவ்வளவு மாறுது எண்டு தான் பாக்கணும்.

இப்ப அதே பஸ் பாலத்துத் தொடக்கத்துல நிண்டுட்டு, சீரான ஆர்முடுகலோட வெளிக்கிட்டு அதே 36 செக்கன்ல மற்றக் கரைக்குப் போகுது எண்டா? இதுக்கும் 0.31 பிழை தான், ஏனெண்டா 11 எண்டது சராசரி வேகம், 0ல இருந்து சீராக் கூடினபடியா இறுதி வேகம் அதுல இரண்டு மடங்கு, 22. அத 36ஆல பிரிச்சாத் தான் சரியான விடை, கிட்டத்தட்ட 0.61. தூரமும் நேரமும் மட்டும் தந்திருக்கிற கணக்குகள்ல இந்த இடத்தக் கட்டாயம் கவனிங்க.

அடுத்தது பிரேக் கணக்கு. செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்துல வந்த வான் 5 செக்கன்ல நிண்டா, இறுதி வேகம் 0, அதுல இருந்து 15ஐக் கழிச்சு 5ஆல பிரிக்க மைனஸ் 3. கனபேர் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணக் கழிச்சுப் பழகினதால 3 எண்டு போட்டுட்டு, அத அப்பிடியே தூரம் காணுற அடுத்த சமன்பாட்டுக்கு (v² = u² + 2as) கொண்டு போய் நிண்ட தூரம் மைனஸ் 37.5 மீற்றர் எண்டு வந்தாலும் யோசிக்கிறதில்ல, முன்னுக்குப் போன வான் எப்பிடிப் பின்னுக்கு நிக்கும்? அமர்முடுகல், அதாவது வேகம் குறையிற அளவு, எவ்வளவு எண்டு கேட்டா மட்டும் 3 எண்டு சொல்லலாம், ஆர்முடுகல் எண்டு கேட்டா மைனஸ் கட்டாயம்.

அலகும் அப்பிடித்தான். வேகம் மணிக்குக் கிலோமீற்றர்ல தந்தா முதல் வேலையா 3.6ஆல பிரிச்சு செக்கனுக்கு மீற்றரா மாத்துங்க. நிண்ட பஸ் 10 செக்கன்ல மணிக்கு 54 கிலோமீற்றருக்கு வந்தா ஆர்முடுகல் 1.5, பிரிக்காம விட்டா 5.4 எண்டு வரும், அது ரேஸ் கார் எடுக்கிற அளவு, நிலாவெளி வீதியில ஆக்கள் நிறைஞ்சு ஓடுற பஸ்ஸுக்கு நடக்காது.