மடக்குச் சைக்கிளில் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு

மடக்குச் சைக்கிளில் நெடுந்தூரம் போகப் போகிறேன் என்றால் எல்லாரும் கேட்பது, "இந்தச் சின்னச் சக்கரம் தாங்குமா?" என்றுதான். தாங்கும். ஆரக்கம்பிகள் குட்டையாக இருப்பதால் சின்னச் சக்கரத்துக்கு உறுதி அதிகம். யோசிக்க வேண்டியது வேறு: எந்தத் திசையில் மிதிப்பது, எந்தத் துண்டை ரயிலுக்கு விடுவது. மற்ற சைக்கிளில் போகிறவர் பெரும்பாலும் கிளம்பின இடத்துக்கே மிதித்துத் திரும்ப வேண்டும். நமக்கு ஒரு வழி போதும். நான் செங்கோட்டைக்காரி, அதனால் எங்கள் கணவாயை வைத்தே சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் பாயும். அந்த மாதங்களில் செங்கோட்டையிலிருந்து மேற்கே மிதித்தால், புளியரைக்கு மேலே உள்ள வளைவுகளில் ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்து வாட்டும். ஆகவே ரயிலில் கொல்லம் போய் இறங்கி, கிழக்கே மிதித்து வாருங்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொட்டாரக்கரை, புனலூர் வரை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். தென்மலைக்கு அப்புறம் ஏற்றம் நீளும், ஆனால் காற்று முதுகில் இருக்கும். கோட்டைவாசல் தாண்டினால் இறக்கம்தான். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு புனலூரிலோ தென்மலையிலோ தங்குங்கள்.

ஜூன், ஜூலையில் கேரளப் பக்கம் மழை கொட்டும். ஆகஸ்ட் கடைசிக்கு மேல் கிளம்புவதே எனக்குப் பிடிக்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். அந்த நாட்களில் இந்தச் சாலையில் இருட்டில் மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

கிளம்பும் முன் கியரைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. 20 அங்குலச் சக்கரத்தில் 47 மி.மீ. அகல டயர் போட்டால், சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.57 மீட்டர் ஓடும். முன்னால் 52 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது வண்டி 2.9 மீட்டர் நகரும். பையோடு மலை ஏற இது ரொம்பக் கனம். முன்னால் 44, பின்னால் 32 ஆக்கினால் 2.2 மீட்டருக்கு வந்துவிடும், முழங்கால் பிழைக்கும். பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் டிரெய்லியர் (derailleur) 32 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள், செயினையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். சமதரையில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். சுற்றுப்பயணத்தில் அது ஒரு நஷ்டமே இல்லை.

அடுத்தது கீல். வண்டியை மடக்கி விரித்த ஒவ்வொரு தடவையும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் பூட்டை இறுக்காமல் ஏறக் கூடாது. ஹேண்டில்பார் தண்டு நீளமானது, அடியில் கீல் உள்ளது. மடக்குச் சைக்கிளில் நான் அதிகம் கவனிக்கிற இடம் அதுதான். அதனால் ஹேண்டில்பாரில் கனமான பை தொங்க விடாதீர்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதிக்கவும் வேண்டாம். உட்கார்ந்து, சின்ன கியரில், பொறுமையாக ஏறுங்கள். பிராம்ப்டன் மாதிரி வண்டிகளில் முன்பக்கப் பையை ஹேண்டிலில் இல்லாமல் சட்டத்திலேயே மாட்டலாம், அது நல்ல ஏற்பாடு. மற்றவற்றில் கனமெல்லாம் பின் கேரியரில், தாழ்வாக இருக்கட்டும். பின்பகுதி குட்டை என்பதால் பை குதிகாலில் இடிக்கும். எவ்வளவு பின்னால் தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது மாதிரி ஓர் எண் இருக்கும். 47 டயரின் அகலம், 406 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. அந்த 406-தான் முக்கியம். 20 அங்குலம் என்று சொல்லி விற்கிற எல்லாம் ஒரே அளவில்லை. எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி முதலில் பார்த்தபோது, "டீச்சர், இது பிள்ளைங்க சைக்கிள் டயருல்லா?" என்றார். உண்மைதான், பிள்ளைகள் சைக்கிள் பலவற்றுக்கும் 406 அளவுதான், அதனால் அவசரத்துக்குச் சின்ன ஊரிலும் கிடைக்கக்கூடும். 16 அங்குல 349 அளவு அப்படிக் கிடைக்காது, கையோடு ஒரு டயரே கொண்டுபோக வேண்டும். டியூப் வாங்கும்போது பைக் டியூபில் இருக்கிற வால்வு உள்ளதாக வாங்குங்கள். பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். உங்கள் அளவு ஆரக்கம்பி கடைகளில் கிடைப்பது கஷ்டம், நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் மடக்கிய வண்டியைத் துணிப்பையில் மூடிக் கொண்டுபோங்கள். செயின் எண்ணெய் அடுத்தவர் சேலையில் படக் கூடாது, அதுதான் முதல் மரியாதை. வழியை மறிக்காமல் கடைசி இருக்கைப் பக்கம் நிறுத்துங்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-இல் வந்தது, அகலப் பாதையாக்கி 2018-இல் திறந்தார்கள். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், அங்கே கட்டாயம் நில்லுங்கள். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, ஆரியங்காவு டீக்கடைகளில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

கோட்டைவாசலில் இறக்கம் தொடங்கும் முன் நின்று, பிரேக் கட்டைகளில் ஒட்டிய மண்ணைத் துடையுங்கள். சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டியூப் வெடிக்கலாம். முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றிப் பிடித்து விடுங்கள், நடுவில் ஒரு தடவை நிறுத்தி ஆற விடுங்கள். எம்சாண்ட் லாரிகள் இந்த வளைவுகளில் முழு அகலத்தையும் எடுக்கும். ஓரத்துக் குழியில் பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடும், நம்முடையது உள்ளே விழும். எனவே ஓரத்தில் ஒட்டாமல், லாரி வந்தால் முழுசாக நின்று வழி விடுங்கள். மழை பிடித்துவிட்டால் ஆரியங்காவிலேயே வண்டியை மடக்கி, செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிடுங்கள். கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டு, லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.