2-க்கு முன்னால் 10 வந்த கதை

தைப்பூசத்துக்குப் பினாங்கில் பால்குடம் எடுப்பவர்களின் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள், மின்னஞ்சல்களிலிருந்து எடுத்து எக்செலில் ஒட்டியவை. ரசீது எண்படி வரிசைப்படுத்தினேன். 1, 10, 100, 101, அப்புறம்தான் 2! ராத்திரி பதினொரு மணி, காலையில் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். வயிற்றைக் கலக்கியது.

உற்றுப் பார்த்தேன். எண்கள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்தில் நின்றன. எக்செல் எண் என்று எடுத்துக்கொண்டால் தானாக வலது ஓரத்துக்குப் போகும். இவற்றை அது எழுத்தாகவே நினைத்திருக்கிறது. அதனால்தான் அகராதி மாதிரி முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்கியது.

ஒரு கட்டத்தை இரண்டு முறை தட்டினேன். 2-க்குப் பின்னால் ஓர் இடைவெளி தள்ளி கர்சர் துடித்தது. கூடுதல் இடைவெளிகளை நீக்கும் டிரிம் (TRIM) சூத்திரத்தைப் போட்டேன், போகவில்லை. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டும்போது வரும் அந்த இடைவெளி வேறு வகை, அதன் குறி எண் 160. டிரிம் நீக்குவது சாதாரண இடைவெளியான 32-ஐ மட்டுமே.

சரி என்று அந்த வெற்றிடத்தை மட்டும் நகலெடுத்து, கன்ட்ரோல்-ஹெச் அழுத்தி, தேடி மாற்றும் சாளரத்தைத் திறந்து, மேல் பெட்டியில் ஒட்டினேன். கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டு ரிப்ளேஸ் ஆல் கொடுத்தேன். எண்கள் மொத்தமாக வலப்பக்கம் நகர்ந்ததைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. (நெடுவரிசை டெக்ஸ்ட் வடிவத்தில் இருந்தால் முதலில் ஜெனரலுக்கு மாற்றிவிடுங்கள்.)

பெயர்வாரியாக அடுக்கும்போது பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்டால் 'எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன்' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பெயர் மட்டும் நகரும், ரசீது எண் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் போய்விடும்.