முள்ளங்கி வளர்ப்பு: விதை போடுவதிலிருந்து பிடுங்குவது வரை

முதன்முதலாகக் காய்கறி போடுகிறவர்களுக்கு முள்ளங்கியைத்தான் நான் சொல்வேன். விதைத்த நாலைந்து நாளில் முளை தெரியும். சிறிய உருண்டை ரகங்களை 25-30 நாளிலும், நீள வெள்ளை ரகங்களை 45-60 நாளிலும் பிடுங்கிவிடலாம். ஆனாலும் "இலை தளதளவென்று வருகிறது, கிழங்கு வைக்கவில்லை" என்ற புலம்பல் ஓயவில்லை. பெரும்பாலும் நெருக்கம், நிழல், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம்.

படி 1: பருவம், இடம்

குளிர்ச்சியான பருவமே நல்லது. வெயில் கொளுத்தும் காலத்தில் கிழங்கு பருக்கும் முன்பே பூத்தண்டு கிளம்பிவிடும், காரமும் ஏறும். அதற்காக நிழலில் வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

படி 2: மண்

ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் கட்டியையும் பொறுக்கிவிடுங்கள். இறங்கும் வேர் எதிலாவது முட்டினால் கவைகவையாகப் பிரிந்துவிடும். நன்றாக மட்கிய தொழுவுரம் போதும். பச்சைச் சாணம் வேண்டாம், அதுவும் கிழங்கைப் பிளவுபடுத்தும். தொட்டி என்றால் உருண்டை ரகத்துக்கு அரையடி ஆழம், நீள ரகத்துக்கு ஓரடிக்குக் குறையாத ஆழம்.

படி 3: விதைப்பு

நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வேலையே கூடாது. ஆணிவேர்தான் கிழங்காகப் பருக்கிறது. அது ஒடிந்தாலோ மடங்கினாலோ கோணல் மாணலாகத்தான் வரும். நேரடியாக அரை அங்குல ஆழத்தில் விதைத்து, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள்.

படி 4: பயிர் கலைத்தல்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். முளைத்த பத்து நாளுக்குள் நெருக்கமான செடிகளை எடுத்துவிட வேண்டும். உருண்டை ரகத்துக்கு இரண்டு அங்குலம், நீள ரகத்துக்கு நான்கு அங்குலம் இடைவெளி. நல்ல செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது, தெரியும். ஆனால் நெருக்கமாக விட்டால் ஒன்றுகூட ஒழுங்காகப் பருக்காது. பிடுங்கும்போது பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்பதால், கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுவதே என் வழக்கம். வெட்டிய இளங்கீரையைப் பொரியல் செய்யலாம், வீணாகாது. அப்புறம், மேலே தெரியும் கிழங்கின் தலையை மண் அணைத்து மூடிவிடுங்கள்.

படி 5: தண்ணீர்

விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

இலையில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிந்தால் அது தெள்ளுவண்டு. விதைத்த அன்றே மெல்லிய வலை போட்டு மூடுவது நல்ல தடுப்பு. அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு உதிர்ந்துவிடும்.

படி 6: அறுவடை

ரகத்துக்குரிய நாள் வந்ததும் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பருத்திருந்தால் மற்றவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருந்தால் உள்ளே சக்கையாகிவிடும். பிடுங்கியதும் இலையைத் தனியே நறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்து வாட வைத்துவிடும். தப்பித்தவறிப் பூத்துவிட்ட செடி இருந்தால் அப்படியே விடுங்கள். அதன் பிஞ்சுக் காய்களையும் சமைக்கலாம்.