கடவுளின் பண்புகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என ஆராயும் முறை

கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், மாறாதவர், குறையற்ற நன்மை உடையவர் எனக் கிறிஸ்தவம் அறிக்கையிடுகிறது. இவற்றுள் இரண்டு ஒருசேர நிற்க முடியாது என்று யாரேனும் வாதிட்டால், மறுமொழி தேடுமுன் அந்த வாதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், விவாதத்துக்குரிய பண்பு எந்தப் பொருளில் சொல்லப்படுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தம்மால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க இயலுமா என்ற பழைய கேள்வியின் வலிமை முழுவதும் இந்தப் பொருளைத் தெளிவாக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. தன்னுள் முரண்படாத அனைத்தையும் செய்ய வல்லவர் என்பதே 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தந்த விளக்கம். அதன்படி, எல்லாம் வல்லவரால் தூக்க முடியாத கல் என்பது நான்கு பக்கமுள்ள முக்கோணம் என்பதைப் போல எதையும் குறிக்காத சொற்சேர்க்கையாகவே நிற்கும். தருக்க உண்மைகளும் கடவுளின் சித்தத்தால் அமைந்தவையே என்று பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் கருதியது உண்டு. அது பக்தி மிகுந்த நிலையாகத் தோன்றினாலும், அதை ஏற்பவர் கடவுளைப் பற்றி எதையும் வாதிட்டு நிறுவும் உரிமையை இழந்துவிடுகிறார் என்பது என் கருத்து. கடவுள் தம்மைத் தாமே மறுதலிக்க மாட்டார் என்று 2 தீமோத்தேயு 2:13 கூறுவதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

அடுத்து, வாதத்தில் சொல்லப்படாமல் மறைந்திருக்கும் எடுகோளை வெளியே எடுக்க வேண்டும். "கடவுள் நல்லவர்", "கடவுள் வல்லவர்", "தீமை உண்டு" என்ற மூன்று கூற்றுகள் மட்டும் சேர்ந்து நேரடியான முரண்பாட்டை உண்டாக்குவதில்லை. தீமை இருப்பதால் எல்லாம் வல்ல, முழு நல்ல கடவுள் இருக்க முடியாது என்ற வாதத்தை 1955இல் வலுவாக முன்வைத்த மெய்யியலாளர் ஜே. எல். மேக்கியே இதை ஒப்புக்கொண்டு, நல்லவர் தம்மால் இயன்றவரை தீமையை நீக்குவார் என்பது போன்ற துணைக் கூற்றுகளைச் சேர்த்தார். சுதந்திரமுள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் எப்போதும் சுதந்திரமாகவே நன்மையைத் தேர்ந்துகொள்ளும்படி செய்வது எல்லாம் வல்லவருக்கும் இயலாததாக இருக்கலாம் என்று கிறிஸ்தவ மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா அந்தத் துணைக் கூற்றுகளையே கேள்விக்கு உட்படுத்தினார். இந்த மறுமொழி தருக்க முரண்பாடு இல்லை என்று மட்டுமே காட்டுகிறது. இவ்வளவு துன்பம் எதற்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மாறாமை பற்றிய வாதங்களில், மாறுவது கடவுளின் இயல்பா, அவரோடு மனிதர் கொள்ளும் உறவா என்று கேட்டாலே பெரும்பகுதி தெளிவாகிவிடும். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் சவுலை அரசனாக்கியதற்காகக் கடவுள் மனம் வருந்துவதாகச் சொல்லும் 11ஆம் வசனமும், அவர் மனம் மாறுகிறவர் அல்ல என்று சொல்லும் 29ஆம் வசனமும் எதிரெதிராகத் தோன்றுவதையும் இந்தக் கேள்வியோடு வாசித்துப் பாருங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது முன்னறிவு பற்றிய வாதத்துக்கே. இயேசுவை அறியேன் என்று அவருடைய சீடன் பேதுரு மறுதலிப்பான் எனக் கடவுள் முன்பே அறிந்திருந்தால், பேதுருவுக்கு வேறு வழி இருந்ததா? இங்கே "கட்டாயம்" என்ற சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். "கடவுள் ஒன்றை அறிந்திருந்தால் அது நடக்கும் என்பது கட்டாயம்" என்ற கூற்று உண்மை. அறிவு பொய்யாக முடியாது. "கடவுள் ஒன்றை அறிந்திருந்தால் அது கட்டாயமாகவே நடக்கும்" என்பது வேறு கூற்று. முதலாவதிலிருந்து இது பெறப்படாது. பேதுரு மறுதலிக்காமல் இருந்திருந்தால், கடவுள் அறிந்திருப்பதும் வேறாகவே இருந்திருக்கும்.

ஆயினும் எதிர்வாதி இதோடு நிற்கமாட்டார். பேதுரு பிறக்குமுன்பே அந்த அறிவு இருந்தது, கடந்ததை யாராலும் மாற்ற முடியாது என்பார். இது வலுவான வடிவம். இதற்குத் தரப்படும் ஒவ்வொரு விடையையும் அதற்கான விலையோடு சேர்த்தே எழுதிவையுங்கள். காலமனைத்தும் கடவுளுக்கு நிகழ்காலமே என்று 6ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் போயத்தியுஸ் சொன்னதை ஏற்றால், காலத்துக்கு வெளியே இருப்பவர் வரலாற்றினுள் எவ்வாறு செயல்படுகிறார் என்பதை விளக்க வேண்டும். எந்தச் சூழலில் யார் சுதந்திரமாக எதைத் தேர்வார் என்பதையும் கடவுள் அறிவார் என்று 1588இல் இறையியலாளர் மொலினா முன்வைத்த கருத்தை ஏற்றால், நிகழாத தேர்வுகள் பற்றிய அந்த உண்மைகளுக்கு ஆதாரம் எது என்று காட்ட வேண்டும். சுதந்திரமான வருங்காலச் செயல் இன்னும் அறியத்தக்க உண்மையாக இல்லை என்று கொண்டால், சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று இயேசு பேதுருவிடம் சொன்னதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கும்.