அழிக்கப் போய்க் கிழிப்பது: ரப்பர் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில் கோடு தாளுக்குள் ஊறுவதில்லை. கிராஃபைட் துகள்கள் தாளின் நார்கள்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். ரப்பரைத் தேய்த்தால் அவை தாளை விட்டு ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். கருத்துப்போன அந்த மேல்பரப்பு தூளாக உதிர்ந்து, துகள்களையும் சுமந்துகொண்டு போய்விடும். பேனா மையின் கதை வேறு. அது நார்களுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் ஒட்டி எடுக்க வழியில்லை. மை ஏறிய நாரையே சுரண்டி எடுக்க வேண்டும்.

பாதி சிவப்பும் பாதி நீலமுமாக வரும் ரப்பரின் நீலப் பக்கம் இந்தச் சுரண்டலுக்கானது. எரிமலைக்கல் தூள் போன்ற சொரசொரப்பான பொருள் அதில் கலந்திருக்கும். கிட்டத்தட்ட மிக மெல்லிய உப்புத்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம். "நீலப் பக்கம் பேனாவை அழிக்கும்" என்று பள்ளிப் பிள்ளைகள் நம்புவது பாதி உண்மை. தடித்த சார்ட் தாளிலோ வரைபடத் தாளிலோ அழிக்கும். சாதாரண நோட்டுத் தாளில் பால்பாயின்ட் மை இறங்கியிருக்கும் ஆழத்துக்குச் சுரண்டினால், மீதித் தாளே இருக்காது. ஓட்டை விழுவது ரப்பரின் குறை அல்ல.

அதைவிடக் கெடுதல், எச்சில் தொட்டு அழிப்பது. தாளின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிடிப்பு ஈரம் பட்டதும் தளர்ந்துவிடும். அந்த நிலையில் எந்த ரப்பரை வைத்துத் தேய்த்தாலும் தாள் திரிதிரியாக உருண்டு வரும். நோட்டில் பேனாவால் பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவதே சரி.

தடித்த தாளில் நீலப் பக்கத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், மை முழுக்கக் காய்ந்த பிறகு அழுத்தாமல் சிறு சிறு இழுப்பாகத் தேய்க்கவும். அழித்த இடத்தில் நார்கள் சிலிர்த்து நிற்கும். அங்கே அப்படியே எழுதினால் மை ஊறிப் பரவும். ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் நன்றாகத் தேய்த்து மழமழப்பாக்கிவிட்டு எழுதவும்.

பென்சிலுக்கு வருவோம். வெள்ளை நிறத்தில் அட்டை உறையோடு வருபவை பெரும்பாலும் ரப்பரே அல்ல, பிவிசி பிளாஸ்டிக். அதை மிருதுவாக்க ஓர் எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள். தாளைப் புண்படுத்தாமல் கிராஃபைட்டைச் சுத்தமாக எடுப்பதில் இதற்கு இணையில்லை. ஆனால் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவைப்பது பரவலான தவறு. அந்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலையோ டப்பாவையோ இளக்கிவிடும். சில வாரங்களில் ரப்பரும் ஸ்கேலும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ஸ்கேலில் குழி தெரியும். உறை இருப்பது அதைத் தடுக்கத்தான். ரப்பர் தேயத் தேய உறையைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள், கழற்றாதீர்கள்.

பென்சில் முனையில் பொருத்தியிருக்கும் ரப்பர் காற்றுப்பட்டு நாளாக நாளாக இறுகிவிடும். இறுகியது உதிராது. உதிராவிட்டால் ஏற்கெனவே ஒட்டிய கரியையே திரும்பத் தாளில் ஈஷும். எந்த ரப்பரானாலும் முதலில் ஒரு வீண்தாளில் நாலு தேய் தேய்த்துச் சுத்தமான பரப்பு வந்த பிறகு அழிக்கவும். தூளை உள்ளங்கையால் தட்டக் கூடாது. கை எண்ணெயும் கரியும் சேர்ந்து சாம்பல் தடம் விழும். மிருதுவான பிரஷ் போதும். தாள் கசங்குகிறதா? இடது கையின் இரண்டு விரல்களை விரித்துத் தாளை அழுத்திக்கொண்டு, அவற்றிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தேய்த்தால் கசங்காது.

எவ்வளவு அழித்தாலும் 2எச் போன்ற கடினமான பென்சிலின் கோட்டுத் தடம் தெரிகிறதென்றால், தெரிவது கிராஃபைட் அல்ல, கடினமான முனை தாளில் போட்ட பள்ளம். அதற்கு மருந்து ரப்பரில் இல்லை, முதலில் கோடு போடும்போதே கை லேசாக இருக்க வேண்டும். 6பி போன்ற மிருதுவான பென்சிலில் சிக்கல் நேர்மாறானது. கரி அதிகம், தேய்த்தால் பரவும். முதலில் பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வெள்ளை ரப்பரால் அழிக்கவும்.

இந்தப் பிசையும் ரப்பரை அறியாதவர்களே அதிகம். ஓவியம் பழகுகிறவர்கள் அவசியம் ஒன்று வைத்திருக்க வேண்டும். சப்பாத்தி மாவுபோல் இழுத்துப் பிசையலாம், கூராக உருட்டி ஒரு முடியளவு வெளிச்சக் கோட்டையும் எடுக்கலாம். தூள் உதிராது. சார்கோல் எனும் ஓவியக் கரித்துண்டுக்கும் பாஸ்டல் வண்ணக் கட்டிக்கும் ஏற்றது இதுதான். அழுத்தி எடுக்க வேண்டியதை மற்ற ரப்பர்போல் தேய்ப்பதுதான் இதில் நடக்கும் தவறு. பிசைந்தும் உள்ளே வெளிர்நிறம் வராமல் முழுக்கக் கருத்துவிட்டால் மாற்றிவிடவும், கழுவினால் சரியாகாது.

நீர்வண்ணத் தாளில் சொரசொரப்பான ரப்பர் படவே கூடாது. தாள் நீரை உடனே உறிஞ்சாமலிருக்க அதில் ஜெலட்டின் போன்ற பூச்சு இருக்கும். அது சுரண்டப்பட்ட இடம் வண்ணத்தை மளமளவென்று குடித்துக் கரும்புள்ளியாக நிற்கும். வண்ணம் பூசும் முன் தெரியாது, தெரிந்தபின் திருத்துவது கடினம்.

கடைசியாக, அழிக்கக்கூடிய ஜெல் பேனா. பைலட் நிறுவனத்தின் ஃப்ரிக்சியான் இந்த வகை. அதன் முனையிலுள்ள கெட்டியான ரப்பர் எதையும் எடுப்பதில்லை. தேய்ப்பதால் எழும் சூட்டில், சுமார் 60 டிகிரி செல்சியஸில், மை நிறமிழக்கிறது. சாதாரண வெள்ளை ரப்பரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் நோட்டை விட்டாலோ, தாளை லேமினேட் செய்தாலோ மொத்த எழுத்தும் மறையும். உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 10 முதல் 20 டிகிரி வரை குளிர்வித்தால் மறைந்த எழுத்து திரும்பி வரும், அழித்த பிழைகளும் சேர்த்து. காசோலை, பத்திரம், தேர்வுத்தாள் எதிலும் இந்தப் பேனா வேண்டாம்.