எக்செல் சார்ட்டில் அச்சு லேபிள்கள் பட்டைகளுக்குள் சிக்கினால் என்ன செய்வது?

லாப நஷ்டக் கணக்கை எக்செல்லில் சார்ட்டாகப் போட்டால், நஷ்டம் வந்த மாதங்களின் பெயர்கள் பட்டைகளின் மேலேயே விழுந்து படிக்க முடியாமல் போகும். கிடைமட்ட அச்சு, அதாவது பட்டைகள் கிளம்பும் ஆக்சிஸ் கோடு, பூஜ்ஜியத்தில் நிற்கிறது, லேபிள்கள் அதை ஒட்டிக் கீழே வருகின்றன. மைனஸ் பட்டைகளும் அதே இடத்தில்தான் இறங்குகின்றன.

செய்து பார்க்க, ஒரு நெடுவரிசையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையும், பக்கத்தில் 40, -25, 30, -10 என்றும் கொடுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் தாவலில் நிமிர்ந்த பட்டைகள் கொண்ட சார்ட்டைப் போடுங்கள்.

1. ஏதாவது ஒரு மாதத்தின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட் ஆக்சிஸ் என்பதை அழுத்துங்கள். ஃபார்மேட் டேட்டா சீரிஸ் என்று வந்தால், கிளிக் பட்டையில் விழுந்துவிட்டது. எஸ்கேப் அழுத்தி மறுபடி முயலுங்கள்.

2. வலப்பக்கம் திறக்கும் பலகத்தில், ஆக்சிஸ் ஆப்ஷன்ஸின் கீழே இருக்கும் லேபிள்ஸ் பகுதியை விரியுங்கள்.

3. லேபிள் பொசிஷனில் நெக்ஸ்ட் டு ஆக்சிஸ் என்றிருக்கும். அதை லோ என்று மாற்றுங்கள்.

அவ்வளவுதான், பெயர்கள் சார்ட்டின் அடிக்குப் போய்விடும். ஹை கொடுத்தால் உச்சிக்குப் போகும், நன் (None) கொடுத்தால் மறைந்துவிடும். செங்குத்து அச்சிலும் இதே பட்டியல்தான். அங்கே லோ என்றால் இடப்பக்கம், ஹை என்றால் வலப்பக்கம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் லேபிளைக் கீழே கொண்டுவர அச்சையே கீழே இறக்கிவிடுகிறார்கள். செங்குத்து அச்சின் பலகத்தில் ஹாரிசான்டல் ஆக்சிஸ் கிராசஸ் என்ற இடத்தில் -30 என்று போட்டால், பெயர்கள் கீழே வரும்தான். ஆனால் பட்டைகளும் -30இலிருந்து கிளம்பும். பிப்ரவரியின் -25, மேல்நோக்கி எழும் ஒரு குட்டிப் பட்டையாகத் தெரியும். நஷ்டம் லாபம் போலத் தோன்றும் அந்த சார்ட்டை யாருக்கும் காட்டக் கூடாது. கோடு பூஜ்ஜியத்திலேயே இருக்கட்டும், லேபிளை மட்டும் நகர்த்துங்கள்.

லேபிளுக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமென்றால், அதே பகுதியில் டிஸ்டன்ஸ் ஃப்ரம் ஆக்சிஸ் இருக்கிறது. இயல்பாக 100, 0 முதல் 1000 வரை கொடுக்கலாம்.

அப்புறம், நீளமான பெயர்கள். எக்செல் அவற்றைத் தானாகவே சாய்த்துவிடும். சைஸ் அண்ட் ப்ராபர்ட்டீஸில் கஸ்டம் ஆங்கிள் மூலம் கோணத்தை நாமும் மாற்றலாம். ஆனால் கழுத்தைச் சாய்த்துப் படிக்க வைப்பதைவிட, படுத்த பட்டைகளுக்கு மாறுவதே நல்லது என்பேன். அதில் முதல் வரிசை அடியில் வரும். செங்குத்து அச்சின் பலகத்தில் கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டரை டிக் செய்தால் வரிசை சரியாகும், ஆனால் எண்கள் உச்சிக்கு ஏறிவிடும். அங்கேயே அட் மேக்சிமம் கேட்டகரியைத் தேர்ந்தெடுங்கள், எண்கள் மறுபடி கீழே வந்துவிடும்.

எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர் சார்ட்டை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, அச்சை மறுபடி இரட்டைக் கிளிக் செய்து, பொசிஷனிங் தாவலில் பிளேஸ் லேபிள்ஸ் என்பதை அவுட்சைட் ஸ்டார்ட் என்று வைத்தால் போதும்.